சேர்வர் திறக்கவில்லையா? ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசியை வைக்காதீர்கள்

வீட்டில் ஃபைல்களைப் பகிர வைத்திருக்கும் சேர்வர் டெஸ்க்டொப்பில் திறக்கவில்லை என்றதும் நம் ஆட்களுடைய கை நேரே ரவுட்டரின் பின்பக்கத்துக்குத்தான் போகிறது. கரண்டை நிறுத்திப் போட்டால் பரவாயில்லை, அது ரீஸ்டார்ட். ஊசியை எடுத்து அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்தினால் அது ரீசெட். இரண்டும் ஒன்றில்லை. ரீசெட் செய்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், நீங்கள் எப்போதோ செய்து வைத்த அமைப்புகள் எல்லாம் அழியும். சில ஃபைபர் ரவுட்டர்களில் கம்பனி போட்டுத் தந்த இணைப்பு விபரமும் சேர்ந்து போய்விடும். அதுவரை சேர்வர் மட்டும்தான் இல்லை, இனி இன்டர்நெட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் இதைச் செய்துவிட்டு ஹொட்லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கையில் அகப்பட்டதை எல்லாம் மாற்றுவதுதான் இந்த விஷயத்தில் பெரிய தவறு, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். ஆகவே எதையும் தொட முதல் வேறொரு கருவியில் பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு சேர்வரைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறந்தால் பதில் குழம்பிவிடும். போனில் திறக்கிறதா? அப்போ பெரும்பாலும் சேர்வரில் குற்றமில்லை, அதை இப்போதைக்குச் சும்மா விடுங்கள், டெஸ்க்டொப்பைக் கவனியுங்கள். போனிலும் இல்லை என்றால் சேர்வர் பக்கம் போங்கள்.

“மச்சான், யூடியூப் ஓடுது, அப்ப நெட்வேர்க் ஓகேதானே” என்பார்கள். இல்லை. யூடியூப் வருகிறது என்றால் டெஸ்க்டொப்பிலிருந்து ஏதோ ஒரு ரவுட்டர் வழியாக வெளியே போக முடிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். சேர்வருக்குப் போகும் வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதேபோல வெளியே ஃபைபர் அறுந்து இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் வீட்டுச் சேர்வர் வேலை செய்ய வேண்டும்.

அந்த “ஏதோ ஒரு ரவுட்டர்” என்பதில்தான் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வீடுகளில் பாதிப் பிரச்சினை கிடக்கிறது. ஹோலில் ஃபைபர் ரவுட்டர், அது விழுந்தால் பாவிக்க அறைக்குள் பழைய 4ஜி ரவுட்டர். இரண்டு வைஃபையின் பாஸ்வேர்டும் டெஸ்க்டொப்புக்குத் தெரியும். ஒருநாள் ஃபைபர் நின்றபோது அது 4ஜிக்குத் தாவியிருக்கும், திரும்பி வந்திருக்காது. கமாண்ட் விண்டோவில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து ஐபிவி4 (IPv4) வரியைப் பாருங்கள், நெட்வேர்க்கில் உங்கள் கணினியின் முகவரியான ஐபி எண் அதில் இருக்கும். சேர்வர் 192.168.1.50 இல் இருக்கிறது, உங்கள் கணினியோ 192.168.8.103 என்று காட்டுகிறது, மூன்றாவது எண்ணே வேறு என்றால் இரண்டும் வேறு வேறு நெட்வேர்க்கில் நிற்கின்றன. அந்த வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்காமல் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. வயரையும் ரவுட்டரையும் பாருங்கள், சேர்வரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு வகை, பின் அறைக்கு சிக்னல் போகவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் வயரை அதன் வான் (WAN) துளையில், அதாவது இன்டர்நெட் வயருக்கான துளையில், செருகுவது. இப்படிச் செய்தால் அது தனக்குக் கீழே ஒரு தனி நெட்வேர்க்கை உண்டாக்கிவிடும். சேர்வர் இரண்டாவது ரவுட்டருக்குக் கீழேயும் டெஸ்க்டொப் முதல் ரவுட்டருக்குக் கீழேயும் இருந்தால் சாதாரணமாக வழியே இல்லை. மாறி இருந்தால் பெரும்பாலும் ஐபி எண்ணை அடித்துப் போகலாம், பெயரைச் சொல்லித் தேடினால் அகப்படாது. இரண்டாவதை அக்சஸ் பொயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வேர்க் உண்டாக்காமல் இணைப்பை மட்டும் நீட்டும் முறைக்கு, மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியை அதற்கு வைத்து, முகவரி பங்கிடும் டிஎச்சிபியை நிறுத்தி, வயரை லேன் (LAN) துளைக்கு மாற்றினால் சரி. கெஸ்ட் வைஃபையில் டெஸ்க்டொப்பை இணைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. கெஸ்ட் என்பதே வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைப் பார்க்கவிடாமல் வைக்கிற ஏற்பாடு.

மாரி தொடங்கினால் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதிதாக முகவரி பங்கிடத் தொடங்கும், முந்தி யாருக்கு எதைக் கொடுத்தது என்று பல வீட்டு ரவுட்டர்களுக்கு ஞாபகம் இருக்காது. நேற்று 50 இல் இருந்த சேர்வர் இன்றைக்கு 23 இல் இருக்கும். டெஸ்க்டொப்பில் இருக்கும் ஷோர்ட்கட் இன்னும் 50 இன் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். இதற்காகச் சேர்வரிலேயே ஒரு ஐபியைக் கையால் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அந்த எண் ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இருந்தால் ஒருநாள் ஸ்மார்ட் டீவிக்கும் அதே எண் போகக்கூடும். ஒரு நேரம் சேர்வர் வரும், ஒரு நேரம் வராது, காரணம் பிடிபடவே பிடிபடாது. ரவுட்டருக்குள் போய் சேர்வரின் மெக் முகவரிக்கு (கருவியோடு கூடவே வரும் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைப்பதுதான் ஒழுங்கான வழி. அப்புறம், பழைய கணினியைச் சேர்வராக வைத்திருப்பவர்கள் பயோஸில் (விண்டோஸுக்கு முதல் திறக்கும் அமைப்புப் பக்கம்) கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பைப் போட்டு வையுங்கள். சேர்வர் அணைந்தே கிடக்க, டெஸ்க்டொப்பில் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

பிங் அடித்து, அதாவது சேர்வர் பதில் தருகிறதா என்று ஒரு கட்டளையால் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதன் பதிலைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். உள்ளே வருவதை வடிகட்டும் ஃபயர்வோல் பிங்கை மட்டும் மறித்து வைத்திருக்கலாம், சேர்வர் உயிரோடுதான் இருக்கும். மறுபக்கம், பிங் அழகாகப் பதில் தரும், ஃபோல்டர் பகிரும் சேவை படுத்திருக்கும். விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு போர்ட் 445 என்ற எண்ணுள்ள வாசலில் நடக்கிறது, சோதிக்க வேண்டியது அதைத்தான். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) கட்டளைக்குச் சேர்வரின் ஐபியையும் இந்தப் போர்ட்டையும் கொடுத்தால் உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். எக்ஸ்புளோரரில் நெட்வேர்க் என்ற இடத்தில் சேர்வரின் பெயர் தெரியவில்லை என்பதும் ஒரு சாட்சி இல்லை. அந்தப் பட்டியல் எப்போதும் அப்படித்தான். முகவரிப் பட்டையில் நேரே \\192.168.1.50 என்று அடியுங்கள். அப்படித் திறந்து, பெயரால் திறக்கவில்லை என்றால் பெயரைக் கண்டுபிடிப்பதில் மட்டும்தான் சிக்கல். ஐபிக்கே ஷோர்ட்கட் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்பது என் கட்சி.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனதா? பழைய நாஸ் பெட்டிகள் (ஃபைல் வைக்கவென்றே விற்கும் சேர்வர்கள்) எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையில் பேசும். 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக விண்டோஸ் போட்டால் அது இருக்காது, சில பதிப்புகளில் இருந்தாலும் பாவிக்காமல் விட்டால் தானாகவே நீங்கிவிடும். உடனே யாரோ வீடியோவில் சொன்னார் என்று எஸ்எம்பி1ஐத் திரும்பப் போடுவார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி2 அல்லது 3க்கு மாற்றுங்கள், முடியாத பெட்டி என்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். 2024 இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 இன்னும் கண்டிப்பு. அதன் புரோ பதிப்பு, பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாக உள்ளே விடும் சேர்வரோடு பேச மாட்டேன் என்று நிற்கும். விண்டோஸின் உள் அமைப்பான ரெஜிஸ்ட்ரியைக் கிண்டாமல் சேர்வரில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உண்டாக்குங்கள், வேலை முடிந்தது.

பாஸ்வேர்ட் என்றதும், பின் நம்பரை அடித்துவிட்டு “சரியாத்தான் அடிச்சன்” என்பவர்கள் பலர். கணினியைத் திறக்கும் பின் நம்பர் அந்தக் கணினிக்கு மட்டும்தான், சேர்வர் கேட்பது சேர்வரில் உள்ள யூசரின் பாஸ்வேர்ட். லினக்ஸ் சேர்வரில் ஃபோல்டர் பகிரும் சாம்பா மென்பொருள் போட்டிருந்தால் அதற்கென்று தனிப் பாஸ்வேர்ட் இருக்கும், லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றியதால் அதுவும் தானாக மாறிவிடாது. விண்டோஸ் வேறு பழைய பாஸ்வேர்டைக் கிரெடென்ஷியல் மனேஜரில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதையே நீட்டும். அதை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். ஒரே சேர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் போகவும் விண்டோஸ் விடாது.

ஃபயர்வோலை முழுதாக நிறுத்திவிட்டு “இப்ப வேலை செய்யுது” என்று அப்படியே விட்டுவிடுவது வேண்டாம். சேர்வரும் விண்டோஸ் என்றால் அதில் நெட்வேர்க் பப்ளிக் என்று இருக்கிறதா பாருங்கள். ரவுட்டர் மாற்றினால் விண்டோஸ் அதை அந்நிய இடமாக நினைத்துப் பப்ளிக் ஆக்கிவிடும், பிரைவேட் என்று மாற்றினால் போதும். டெஸ்க்டொப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருக்கால் நிறுத்திப் பாருங்கள்.

வயரை எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் என்று கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை, லேன் வயரின் தலையில் உள்ள கம்பிகளும் அதில் அடக்கம். கூரைக்குள் போகும் வயரை எலி கடிக்கும். லேன் துளையில் லைட் எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். எரிகிறது, ஆனால் ஃபைல் ஆமை வேகத்தில் போகிறது என்றால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதா பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கு போதும், ஆகவே மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் விழும். இடி மின்னலுக்குப் பிறகு லைட்டே எரியவில்லை, வேறு நல்ல வயர் போட்டும் இல்லை, ரவுட்டரின் வேறு துளையில் செருகியும் இல்லை என்றால் டெஸ்க்டொப்பின் லேன் போர்ட் எரிந்திருக்கக்கூடும். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டரை இரவலாக வாங்கிச் செருகிப் பாருங்கள்.