பழைய லிமோஜ் தட்டைக் கவிழ்த்துப் படிப்பது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை

பழைய பிரெஞ்சுப் பீங்கான் தட்டு ஒன்று கைக்கு வந்தால் கண் நேராகப் பூக்களுக்கும் தங்க ஓரத்துக்கும்தான் போகும். ஆனால் அது எங்கே, எப்போது பிறந்தது என்ற விவரம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் எந்தத் தட்டானாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பிரான்சின் லிமோஜ் நகரத் தட்டுகளைத்தான். அந்த ஊருக்குத் தெற்கே, சேன்-திரியே என்ற இடத்தில் 1768-ஐ ஒட்டிக் கயோலின் என்ற வெண்களிமண் கிடைத்தது. ஓர் அறுவை மருத்துவரின் மனைவி துணி வெளுக்க உதவுமா என்று எடுத்து வந்த மண் அது என்று சொல்வார்கள். 1771-இல் லிமோஜில் பீங்கான் தொழிற்சாலை வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஏராளமாக ஏற்றுமதி ஆனதால், பழம்பொருள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் ஒற்றைத் தட்டுகள் இன்றும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன.

தேவையானவை: ஒரு பூதக்கண்ணாடி (பத்து மடங்கு பெரிதாக்குவது போதும்), கைப்பேசியின் டார்ச், உங்கள் விரல் நகம்.

படி 1: பொருள் எது என்று பாருங்கள்

நாம் ஊறுகாய் ஜாடியிலிருந்து கைகழுவும் தொட்டி வரை எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொல்கிறோம். லிமோஜ் தட்டு அதில் தனி வகை. மெருகுடன் (மேலே பூசும் கண்ணாடி போன்ற பூச்சு) சேர்த்து ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸில் சுட்டது. உடலே கண்ணாடி போல இறுகியிருக்கும். தட்டின் பின்னால் விரல்களை வைத்து, அதற்கும் பின்னால் டார்ச்சைக் காட்டுங்கள். மெல்லிய இடத்தில் விரல் நிழல் தெரிய வேண்டும். ஊறுகாய் ஜாடியில் இது நடக்காது.

அப்புறம் தட்டை விரல் நுனிகளில் தாங்கி, ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். மணி போல ஒலி நீண்டால் நல்லது. 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல் ஒளிந்திருக்கலாம்.

படி 2: முத்திரைகளை எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரே தட்டில் பெரும்பாலும் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று, வெள்ளைத் தட்டைச் செய்த தொழிற்சாலையுடையது. வழக்கமாகப் பச்சை நிறம். மெருகுக்கு அடியில் இருப்பதால் நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. இன்னொன்று, அதில் ஓவியம் தீட்டிய பட்டறையுடையது. சிவப்பு, நீலம் அல்லது தங்க நிறத்தில், மெருகுக்கு மேலே இருக்கும். நகத்தில் மெல்லிய தடிப்பு தெரியும்.

மண்ணைப் பிடித்துச் சுட்டவர் ஒருவர், வண்ணம் தீட்டியவர் வேறொருவர். இரண்டு வேலையையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் ஹாவிலாண்ட். நியூயார்க்கில் பீங்கான் வியாபாரம் செய்தவர், 1842-இல் லிமோஜுக்கே குடிபோனார். அமெரிக்க வீடுகளுக்குப் பிடித்த வடிவங்களை அங்கேயே தீட்டவைத்தார். ஹாவிலாண்ட் தட்டுகளில் இரண்டு முத்திரைகளிலும் அந்தப் பெயரே இருப்பதைப் பல முறை பார்ப்பீர்கள்.

பச்சை முத்திரை மட்டும் இருந்து மற்றது இல்லையா? வெள்ளையாக விற்ற தட்டு, வேறு யாரோ தீட்டியது என்று பொருளாகலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெண்கள் பலர் லிமோஜ் வெள்ளைத் தட்டுகளை வாங்கி வீட்டிலேயே தீட்டினார்கள். முகப்பில் ஒரு கையொப்பம் இருந்தால் அது அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம். விலை குறையும், சரி. ஆனால் அவற்றில் சில மிக அழகானவை. பிடித்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

படி 3: 'பிரான்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள்

இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் போட்ட சுங்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையில் 'பிரான்ஸ்' இருந்தால் தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'மேட் இன் பிரான்ஸ்' என்றிருந்தால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டு. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் 1891-க்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகாத தட்டுகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இன்னொன்று: 'லிமோஜ்' என்பது ஊரின் பெயர். ஒரு தொழிற்சாலையின் பெயர் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 4: ஓவியத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்

சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு ஒட்டியது. தூரிகைத் தடம் தெரிந்தால், ஒரே மாதிரி இரண்டு ரோஜாக்கள் சின்னச் சின்னதாக வேறுபட்டால், கைவேலை. கோடுகளை அச்சிட்டு உள்ளே கையால் நிரப்பியவையும் நிறைய உண்டு.

படி 5: செவ்ர் என்று சொன்னால் நிதானம்

ஒன்றோடொன்று பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகள் பிரெஞ்சு அரச பீங்கான் தொழிற்சாலையான செவ்ரின் முத்திரை. நடுவில் உள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கும்: 'ஏ' என்றால் 1753, 'பி' என்றால் 1754. உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் இதுவும் ஒன்று. ஒரு சந்தையில் என்னிடம் 'ஏ' எழுத்துள்ள கோப்பை ஒன்றைக் காட்டினார்கள். ஆனால் உடைந்த விளிம்பு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. அது கயோலின் கலந்த வன்களிமண் பீங்கானின் அடையாளம். 1753-இல் அந்தத் தொழிற்சாலையில் அதைச் செய்யவே இல்லை. அன்று செய்த, கயோலின் இல்லாத மென்களிமண் பீங்கான் உடைந்த இடத்தில் சர்க்கரை போல நறநறப்பாக இருக்கும். வண்ணமும் மெருகுக்குள் ஊறியிருக்கும். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் முதல் வருடத்தில் செவ்ர் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

படி 6: பழுது பார்த்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டார்ச் வெளிச்சத்தில் விரிசல் கருங்கோடாகத் தெரியும். சந்தேகமான விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பீங்கான் சில்லென்று இருக்கும். பிசின் பூசிச் சரிசெய்த இடம் அவ்வளவு குளிராது.

படி 7: வீட்டுக்கு வந்தபின்

பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ மைக்ரோவேவிலோ வைக்கவே கூடாது. நாற்பது ஐம்பது ஆண்டு தேய்ப்பைத் தாங்கிய தங்க ஓரம், இயந்திரத்தில் சில முறை போட்டாலே மங்கிவிடும். அடியில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பழைய மேல்வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், அதனால் ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் எதையும் இதில் பரிமாறாதீர்கள்.

அடுக்கும்போது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். மேல்தட்டின் அடிவளையத்தில் மெருகு கிடையாது. உப்புத்தாள் போலக் கீழ்த்தட்டின் ஓவியத்தைத் தேய்த்துவிடும். கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், எடுக்கும்போது பிடியை விட்டுவிட்டு உடலை இரு கைகளாலும் தாங்கி எடுங்கள்.