“நல்லாத்தானே சாப்பிடறான்”: வயதான நாயை வழியனுப்பும்போது தவிர்க்க வேண்டியவை

போன வாரம் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். அவர் தத்தெடுத்து வளர்க்கும் நாய்க்குப் பன்னிரண்டு வயது. பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன, தூக்கத்திலும் இளைக்கிறது. “ஆனா சாப்பாடு மட்டும் குறையலைக்கா, நல்லாத்தானே சாப்பிடறான்” என்றார். இதே வார்த்தையை நானும் ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான், தேற வழியில்லாத நாயை ஊசி போட்டு அனுப்பும் கருணைக்கொலையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, குளிருக்குச் சாக்கு என்பதெல்லாம் வயதான நாயை வீட்டுக்குக் கூட்டி வருகிறவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாப்பிடுவதை மட்டும் பார்ப்பது

டைகர் எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பத்து வயது. லாப்ரடார் கலப்பு. வளர்த்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கீழே போனபோது அவனைக் கேட்டிலேயே விட்டுவிட்டார்கள். அந்த வயதில் பெயரை மாற்ற மனம் வரவில்லை. இரண்டு வருஷம் எங்களோடு இருந்தான். ஒரு புரட்டாசியில் முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம் தெரிந்தது. கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புப் புற்று. இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்ததால் காலை எடுத்தாலும் மூன்று காலில் நிற்க மாட்டான் என்றார் மருத்துவர். வலிக்கு மாத்திரை தந்தார். “இந்த எலும்பு எப்ப வேணா தானா முறியும். மழை பிடிக்கிறதுக்குள்ள ஒரு நாளைக் குறிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நான் குறிக்கவில்லை. தினமும் காலையில் என் தேநீரோடு அவனுக்குப் பாதி வர்க்கி, இந்த ஊர் மொறுமொறு பிஸ்கட். வாங்கிக்கொண்டான், அதுவும் ஆசையாக. சாப்பிடுகிற உயிரை எப்படி அனுப்புவது என்று மூன்று வாரம் தள்ளினேன்.

கோத்தகிரிக்கு ஆடி மழையைவிட ஐப்பசி மழைதான் கனம். அப்படி ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை. ஒன்றுக்குப் போக வாசலில் ஒரே ஒரு படி இறங்கினான். எலும்பு முறிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது. மணி பதினொன்று. மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. மருத்துவர் கீழிருந்துதான் வர வேண்டும். வந்து சேர மறுநாள் காலை ஒன்பதரை ஆனது. பத்தரை மணி நேரம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் பழக்கதோஷத்தில் வர்க்கியை நீட்டினேன். அந்த நிலையிலும் வாங்கித் தின்றான்.

அப்போதுதான் உறைத்தது. பசி மட்டும் ஓர் அடையாளம் ஆகாது, அதிலும் லாப்ரடாருக்கு. அந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியடங்குவதோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சாகும் நேரத்திலும் அவை தின்னும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோலில் ஏழு கேள்விகள் உண்டு: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், நிலை நன்றாக இருந்தால் அதிகம். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். அந்த ஏழில் பசி ஒன்றே ஒன்று. நான் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

தத்தெடுத்தவர்கள் இதில் அதிகம் சறுக்குகிறோம். ஏற்கெனவே ஒருவர் கைவிட்ட உயிர், நாமும் கைவிடுகிறோமோ என்ற பயம். நமக்குக் கிடைத்ததே இரண்டு வருஷம்தானே, இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கிறதே என்ற கணக்கு வேறு. அந்தப் பாக்கியை வலியாகக் கொடுத்தது டைகர்தான், நான் இல்லை. இன்றைக்கும் யாராவது “சாப்பிடுதே” என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி போதும். கெட்ட நாள் போனால் அந்தத் தாளின் மேல் பெருக்கல் குறி போட்டுக் கிழிக்காமல் சேர்த்து வையுங்கள். நாய் அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷ மூச்சை எண்ணுங்கள். முப்பதைத் தாண்டுவது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட் சத்தத்துக்கு எழுந்து வந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லையா, அதையும் எழுதுங்கள். மலையில் இன்னொன்றும் உண்டு. அந்த நாளை நீங்கள் குறிக்காவிட்டால் மழையும் ரோடும் குறிக்கும்.

மனுஷ மாத்திரை

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக். எதுவும் வேண்டாம்.

ஊசி போடும்போது வெளியே போய் நிற்பது

பார்க்க முடியாது என்று வராந்தாவில் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். நாயின் கண் கதவையே தேடும். முதலில் மயக்க ஊசி, அது அசந்த பிறகுதான் காலில் நரம்பு வழியாக மருந்து. நடக்கப்போவது முன்பே தெரிந்திருந்தால் நிற்க முடியும். கண் மூடாது. உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தோன்றும், தசை துடிக்கும், சிறுநீர் வரும். அது வலி இல்லை. கையைத் தலையிலிருந்து எடுக்காதீர்கள்.

வீட்டிலிருக்கும் இன்னொரு நாயை அடைத்து வைப்பது

இறந்த உடலை மோந்து பார்க்க விடுங்கள். இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கலாம்.

குழியை ஏனோதானோ என்று வெட்டுவது

இரண்டடிக் குழி இங்கே ஒரு ராத்திரி தாங்காது. காட்டுப்பன்றி கிளறும், சிறுத்தை வரும். நாலடிக்குக் குறையாமல், ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி வெட்டி, மேலே கல் அடுக்குங்கள். பள்ளத்தில் தூக்கிப் போடுவதை நினைக்கவே வேண்டாம். கருணைக்கொலைக்குப் போடும் மருந்துகளில் சில உடலிலேயே தங்கும், அதைத் தின்னும் பிராணியும் சாகும். மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நாம் செய்த கேடு போதும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் அவை கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகுதான் 2006இல் அந்தக் கால்நடை மருந்துக்குத் தடை வந்தது.

தம்பி வீட்டு நாய்க்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லியிருக்கிறது. வெயில் வந்தால் வாசலிலேயே சாக்கைப் போட்டுச் செய்துவிடலாம் என்றார் மருத்துவர். குழியை வியாழக்கிழமையே வெட்டி வைக்கச் சொன்னேன். வர்க்கி நான் கொண்டு போகிறேன்.