கொரிய வீட்டுத் தெய்வங்கள்: கோவிலைத் தேடினால் கண்ணில் படாது

கொரியாவின் வீட்டுத் தெய்வங்களைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பலர் சோல் நகரின் ஜோங்மியோவில் தொடங்குகிறார்கள். அது ஜோசன் வம்சத்து அரசர், அரசியரின் நினைவுப் பலகைகள் உள்ள அரச மூதாதையர் ஆலயம். 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவசியம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அடுப்படித் தெய்வம் அங்கே இல்லை.

வீட்டுத் தெய்வங்களுக்குப் பெரும்பாலும் சிலையே கிடையாது. வீட்டைக் காக்கும் சொங்ஜு, உத்தரத்தில் கட்டிய வெள்ளைக் காகிதத்திலோ தானியச் சாடியிலோ இருப்பார். மனைத் தெய்வமான தொஜுவுக்குக் கொல்லையில் வைக்கோல் போர்த்திய மண்சாடி. அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தால் வெறும் பாத்திரம் என்று நகர்ந்துவிடாதீர்கள். அறுவடைக்குப் பின் அதில் புதுத் தானியம் நிரப்பி, பழையதைச் சமைத்து வீட்டார் மட்டும் உண்பார்கள். வெளியே கொடுத்தால் வீட்டின் நல்லதும் உடன் போய்விடும் என்பது நம்பிக்கை. இலையுதிர்காலப் படையலில் வைக்கும் சிவப்புப் பயறு அரிசிப் பணியாரமோ அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: எல்லாச் சடங்கையும் முதாங் எனும் பூசாரிப் பெண்ணின் கணக்கில் சேர்ப்பது. ஆண்கள் முன்னின்ற மூதாதையர் வழிபாட்டுக்குக் கன்பூசிய நூல்களில் விதிகள் உண்டு. அடுப்படித் தெய்வம் ஜோவாங்குக்கோ, விடியலில் கிணற்றின் முதல் நீரை மொண்டு, கிண்ணத்தில் வைத்துக் கைகூப்பியவர் அந்த வீட்டுப் பெண். மந்திரம் இல்லை, குடும்பத்துக்கான வேண்டுதல் மட்டும். எழுதி வைக்காததால் அதைச் சிறியது என்று எண்ணக்கூடாது.

கழிப்பறைத் தெய்வத்தைக் கேலிப்பொருளாக்குவதும் வேண்டாம். நீண்ட கூந்தலும் முன்கோபமும் கொண்ட பெண் அவர். உள்ளே போகுமுன் இருமிக் குரல் கொடுப்பது வழக்கம். ஜெஜு தீவின் கதையில் அவரும் ஜோவாங்கும் பகையாளிகள். அதனால்தான் அடுப்படியும் கழிப்பறையும் எட்ட இருக்க வேண்டும் என்பார்கள்.

ஊர் எல்லையில் சொனாங் தெய்வத்தின் கற்குவியலைக் கண்டால் ஒரு கல்லைச் சேர்க்கலாம். நினைவுக்கென்று எடுத்து வரக்கூடாது. 1970-களில் அரசு நடத்திய புதிய கிராம இயக்கத்தில் இப்படிப்பட்ட இடங்கள் பல மூடநம்பிக்கை என்று இடிக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1925-இல், ஜப்பானிய ஆட்சி நாம்சான் மலையில் ஷிந்தோ ஆலயம் எழுப்பியபோது அங்கிருந்த குக்சாதாங் எனும் முதாங் சடங்குக் கோவில் சோலின் இன்வாங்சான் மலைக்குப் பெயர்ந்தது. அங்கே இன்றும் சடங்கு நடக்கிறது. மேளச் சத்தம் கேட்டால், அனுமதி வாங்காமல் படம் எடுக்காதீர்கள். உள்ளே ஒரு குடும்பம் தன் கவலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.