மிகுபுனைவு நாவலின் உத்திகளை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீரசாகச மிகுபுனைவு (fantasy) நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பலர், குறியீடு, முன்னுணர்த்தல் (பின்னால் வருவதை முன்கூட்டியே கோடிகாட்டுவது), முரண் என்று உத்திகளை வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, அவை கதைக்குள் என்ன வேலை செய்கின்றன என்பதைச் சொல்லாமலேயே முடித்துவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நாவலில் இந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கலாம்.

வைத்திருப்பவரை ஆட்கொள்ளும் தீய மோதிரத்தை அழிப்பதற்காகவே நெருப்பு மலைவரை நடந்துவந்த நாயகன் பிரோடோ, கடைசிக் கணத்தில் அதை எறிய மறுத்து விரலில் அணிந்துகொள்கிறான். முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதை மீட்கப் பின்தொடர்ந்து வந்த கோல்லம் அந்த விரலையே கடித்துத் துண்டித்து, களிப்பில் கூத்தாடியபடி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். இதைத் தற்செயல் என்றும், முடிச்சை அவிழ்க்கத் தெரியாத ஆசிரியரின் குறுக்குவழி என்றும் எழுதிவிடுவது எளிது. ஆனால், தனக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த உறவினர் பில்போ, கோல்லத்தை அன்றே கொன்றிருக்கலாமே என்று பிரோடோ ஆதங்கப்படும் இரண்டாம் அத்தியாயத்திலேயே, பில்போவின் கையைத் தடுத்தது இரக்கம் என்றும், முடிவுக்குள் கோல்லம் ஆற்றவேண்டிய பங்கு ஒன்று உண்டென்றும் மந்திரவாதி காண்டால்ஃப் சொல்லிவிடுகிறார். பிறகு பிரோடோவும், மலைச்சரிவில் பிரோடோவின் தோழன் சாமும் கோல்லத்தைக் கொல்லாமல் விடுகிறார்கள். ஆகவே முன்னுணர்த்தல் இருக்கும் பக்கத்தைச் சுட்டினால் மட்டும் போதாது. மூவர் காட்டிய இரக்கத்தின் வழியாக அது முடிவை எப்படி வந்தடைகிறது என்பதையும் காட்ட வேண்டும். கருப்பொருளை ‘நன்மைக்கும் தீமைக்குமான போர்’ என்று அடக்கிவிடுவோர் கோட்டைவிடுவதும் இதைத்தான், ஏனெனில் அந்தக் கடைசிக் கணத்தில் நாயகனே தோற்றுப்போகிறான்.

குறியீட்டையும் உருவகக் கதையையும் (கதையில் வருவதெல்லாம் ஆசிரியர் குறித்த வேறொரு பொருளுக்கே நிற்கும் கதை) ஒன்றாகக் குழப்புவது இன்னொரு பிழை. மோதிரத்தை அணுகுண்டு என்று விளக்குவோர் இன்றும் உண்டு. ஆனால் மோதிரத்தின் வரலாறு விரியும் அதே இரண்டாம் அத்தியாயம் 1939-இன் போருக்கு முன்பே உருவானது என்பதையும், உருவகக் கதை தமக்குப் பிடிக்காது என்பதையும், வாசகர் தம் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பது வேறு, ஆசிரியர் ஒரே பொருளைத் திணிப்பது வேறு என்பதையும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீனே எழுதியிருக்கிறார். குறியீடு ஒரே விடையுள்ள விடுகதை அன்று.

கதைக்களத்தை வெறும் பின்னணி என்று எண்ணி வருணனைகளைத் தாண்டிப் போவோரும் உண்டு (முதல் வாசிப்பில் நானும் பல பாடல்களைத் தாண்டியவன்தான்). மரமும் புல்லும் பூவும் நினைவில் இல்லை, தண்ணீரின் உணர்வுகூடத் தன்னிடம் மிஞ்சவில்லை என்று பகைவனின் பாழ்நிலமான மோர்டோரில் பிரோடோ சொல்லும் வரி, அவனுடைய சொந்த ஊரான ஷயரின் புல்வெளிகளை நிதானமாகப் படித்தவருக்கே உறைக்கும்.