சப்பா, ஹோகியா, ஹீரோவா? அமெரிக்க டெலியில் முதல் சாண்ட்விச் வாங்குவது எப்படி

நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்திறங்கும் நம் ஆட்கள் முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு டெலிக்குள் (இறைச்சி, சீஸ் வெட்டித் தந்து, சாண்ட்விச்சும் போட்டுத் தரும் கடை) நுழைந்து, பலகையைப் பார்த்து முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, "டர்க்கி சாண்ட்விச்" என்று சொல்லித் தப்பித்து, இரண்டு மாதம் அந்த வான்கோழியையே தின்று தீர்த்தேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

படி 1: நிற்கும் ஊரைப் பாருங்கள்

நீள ரொட்டியைப் பிளந்து, நடுவே இறைச்சித் துண்டுகள், சீஸ், காய்கள் வைத்தால் நாட்டின் பெரும்பகுதியில் அது 'சப்'. பிலடெல்பியாவிலும் அதைச் சுற்றியுள்ள தெற்கு ஜெர்சியிலும் 'ஹோகி'. நியூயார்க் நகரில் 'ஹீரோ'. அங்கிருந்து சற்று வடக்கே யாங்கர்ஸ் பக்கம் போனால் 'வெட்ஜ்'. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பக்கம் 'கிரைண்டர்'. சூடாக்கித் தருவதை மட்டும் அப்படி அழைக்கும் கடைகளும் உண்டு. பெயர் தெரியாவிட்டால் 'சப்' என்றே கேளுங்கள், எங்கும் புரியும். பிலடெல்பியாவில் மட்டும் லேசாக முறைப்பார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் 'போ பாய்' என்பார்கள். 1929-இல் அங்கே டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகச் சாண்ட்விச் கொடுத்தார்கள். "இதோ இன்னொரு பாவப்பட்ட பையன் (புவர் பாய்) வருகிறான்" என்று சொன்னதில் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஊர்க் கதை.

படி 2: உள்ளே என்ன என்று கேளுங்கள்

ஒரே பெயருக்குள் வேறு வேறு சாமான்கள் இருக்கும். மெய்ன் மாநிலத்தில் 'இட்டாலியன்' கேட்டால் ஹாம், சீஸ், வெங்காயம், குடைமிளகாய், ஊறுகாய் வெள்ளரி வரும். ஜெர்சியில் அதே பெயருக்கு சலாமி, கபிகோலா என்ற பதப்படுத்திய இறைச்சிகள், புரோவலோன் சீஸ் என்று அடுக்குவார்கள். 'கியூபன்' சாண்ட்விச்சில் புளோரிடாவின் டாம்பா ஊர்க்காரர்கள் சலாமி சேர்ப்பார்கள். மயாமிக்காரர்களிடம் அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ தவிர்ப்பவர்களுக்கு இந்தப் படிதான் முக்கியம். ஹாம், புரஷூட்டோ, கபிகோலா மூன்றும் பன்றி. பாஸ்ட்ராமியும் கார்ன்டு பீஃபும் மாடு. பிலடெல்பியாவின் புகழ்பெற்ற சீஸ்ஸ்டேக்கும் மாடுதான். பெயரில் சீஸ் முன்னால் நிற்பதை நம்பி ஏமாறாதீர்கள். சலாமி பெரும்பாலும் பன்றி, கோஷர் (யூத உணவு விதிப்படி நடக்கும்) கடைகளில் மாடு. 'பலோனி' என்று சொல்லப்படும் பொலோனா என்ற தொத்திறைச்சியில் பன்றி, மாடு, கோழி எதுவும் கலந்திருக்கலாம், உறையைப் படிக்காமல் வாங்காதீர்கள். 'லெபனான் பொலோனா' என்று பார்த்தால் அரபு நாடு நினைவுக்கு வரும். ஆனால் அது பென்சில்வேனியாவில் உள்ள லெபனான் என்ற ஊரின் சரக்கு. புகையூட்டிய, லேசாகப் புளிக்கும் மாட்டுக்கறி.

இன்னொரு குழப்பம்: டெலியில் யாராவது "கபகூல்" என்றால் பயப்பட வேண்டாம், கபிகோலாதான். தென் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். 'மொட்ஸரெல்லா'வும் அவர்கள் வாயில் 'மட்ஸரெல்' ஆகிவிடும்.

படி 3: ஜெர்சியின் உள்நாட்டுப் போரில் பக்கம் எடுக்காதீர்கள்

காலையில் டெலிக்குப் போனால் வட்டத் துண்டாக, உப்பும் லேசான புளிப்புமாக, முட்டை சீஸோடு ரோலுக்குள் வரும் பன்றிக்கறி ஒன்று உண்டு. வடக்கு ஜெர்சியில் அது 'டெய்லர் ஹாம்'. தெற்கில் 'போர்க் ரோல்'. பொருள் ஒன்றுதான்.

ஜெர்சியின் டிரெண்டன் ஊரைச் சேர்ந்த ஜான் டெய்லர் 1856-இல் உருவாக்கியது இது. முதலில் 'ஹாம்' என்றே விற்றார்கள். 1906-இல் உணவுத் தூய்மைச் சட்டம் வந்தபோது, ஹாமுக்கு வகுத்த இலக்கணத்தில் இது அடங்கவில்லை, பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டம் போட்டது பெயர்ப்பலகைக்குத்தானே, நாக்குக்கு இல்லையே! வடக்கில் இன்றும் பழைய பெயர்தான். 2016-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அதிபர் ஒபாமா, இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் வந்தேன் என்று ஜோக்கடித்துவிட்டு, தீர்க்காமலே போய்விட்டார்.

நடு ஜெர்சியில், எடிசன் பக்கம், இரண்டு பெயரும் காதில் விழும். பலகையில் எது எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள்.

வீட்டில் வறுப்பதானால் துண்டின் ஓரத்தில் நான்கு இடத்தில் கத்தியால் கீறிவிட்டுக் கல்லில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் கிண்ணம்போல் உப்பிக்கொண்டு சரியாக வேகாது.

படி 4: எடைபோட்டு வாங்குவது

துண்டு போடும் கவுண்டரில் கணக்கு பவுண்டில். கால் பவுண்டு சுமார் 113 கிராம், அரை பவுண்டு 227. ஒருவருக்கு முதல் தடவை கால் பவுண்டு போதும். இறைச்சியின் பெயர், எடை, தடிமன் என்ற வரிசையில் சொல்லுங்கள்: "டர்க்கி, குவார்ட்டர் பவுண்ட், தின் ஸ்லைஸ்டு ப்ளீஸ்." நல்ல கடையில் முதல் துண்டைத் தூக்கிக் காட்டி, சரியா என்று கேட்பார்கள். அப்போதே சொல்லிவிடுங்கள். அரை பவுண்டும் வெட்டிய பிறகு தடிமன் அதிகம் என்றால் யாருக்கும் சங்கடம். பிட்ஸ்பர்க்கில் 'சிப்டு ஹாம்' கேட்டால் சீவித் தள்ளியதுபோல் மெல்லியதாக, கொத்தாக வரும்.

படி 5: கடைசிக் கேள்வி

ஆர்டர் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு கேள்வி வரும். நியூ ஆர்லியன்ஸில் "டிரெஸ்டு?" என்பார்கள்; லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனெய்ஸ் எல்லாம் வேண்டுமா என்று அர்த்தம். பிலடெல்பியா சீஸ்ஸ்டேக் கடையில் "விட்" என்றால் வதக்கிய வெங்காயத்தோடு, "விட்டவுட்" என்றால் வெங்காயம் இல்லாமல். ஜெர்சியில் காலை நேரத்தில் மூச்சுவிடாமல் ஒரே வார்த்தையாக "சால்ட்பெப்பர்கெட்சப்?" என்பார்கள். எனக்கு அது ஏதோ மனிதரின் பெயர்போலத்தான் முதலில் கேட்டது. உப்பு, மிளகு, கெட்சப். "யெஸ்" சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.