ஃப்ளூகோனசோல் தட்டைப் படிக்கும் விதம்

பாளையங்கோட்டையில் லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கேண்டிடா தட்டைத்தான். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அடக்குமா என்று அதில் பார்க்கிறோம். குளுக்கோஸும் மெத்திலீன் நீலமும் சேர்த்த முல்லர் ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஈஸ்ட்டைச் சீராகத் தடவி, 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் வில்லையை வையுங்கள். 35 டிகிரியில் ஒரு நாள். சித்திரையில் இங்கே அறையே அந்தச் சூட்டில் இருக்கும். ஆனாலும் இன்குபேட்டரில்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் வில்லையைச் சுற்றி ஈஸ்ட் வளராத வெற்று வட்டத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாகத் தெரிவதை விட்டுவிட்டு, வளர்ச்சி சட்டென்று குறையும் இடத்தில் ஸ்கேலை வையுங்கள். அல்பிகன்ஸ் என்ற கேண்டிடா இனத்தில் 17 மி.மீ.-ஓ அதற்கு மேலோ இருந்தால் மருந்துக்குக் கேட்கும். 13-ஓ அதற்குக் குறைவோ என்றால் கேட்காது.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அக்காவின் தட்டில் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பு வரை வெண்ணெய் தடவினாற்போல வளர்ந்திருந்தது. அரிப்பு வரும்போதெல்லாம் இரண்டு மாத்திரை போட்டு நிறுத்தியிருக்கிறார். மாத்திரை மரபணுவை மாற்றிவிடவில்லை. செல் பிரியும்போது தற்செயலாகப் பிழை விழுகிறது. மருந்து மற்றவற்றை அடக்க, பிழையுள்ளது பெருகுகிறது. எர்க்-11 மரபணுவில் பிழை என்றால், மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதியின் வடிவம் மாறிவிடும். அந்த நொதியின் 132-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்தாலே பிடி தளரும். டேக்-1 மரபணுவில் என்றால் செல்லின் பம்புகள் கூடி, மருந்தை வெளியே இறைத்துவிடும். எது என்று தட்டு சொல்லாது. மரபணு வரிசையைப் படிக்க வேண்டும்.

அப்புறம், இனத்தை உறுதி செய்யாமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள். க்ரூசி என்ற கேண்டிடா இனத்துக்குப் பிறவியிலேயே இந்த மருந்து கேட்காது.