பழைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டில்பார் சுவிட்ச்: உள்ளே சுத்தம், பிறகு பெயின்ட்

ஹாரன் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால்தான் ஒலிக்கிறது. டிம்-டிப் மாற்றும்போது ஹெட்லைட் ஒரு நொடி அணைந்து எரிகிறது. இந்த நிலைக்கு வந்த சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் கிடைக்கும் நகலைப் பூட்டுவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மைசூரில் 1961 முதல் உருவான ஜாவா, யெஸ்டி ஆனாலும், திருவொற்றியூர் புல்லட் ஆனாலும், 1985-இல் வந்த ஆர்.எக்ஸ்.100 ஆனாலும், அந்த வண்டியோடு பிறந்த சுவிட்சைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நான் பார்த்த நகல்களில் பித்தளைத் தகடு மெலிதாக இருக்கிறது, எழுத்துகளும் மேலே அச்சிட்டவை. கைவியர்வை பட்டே அழிந்துவிடுகின்றன.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று எங்கள் கேரள-தமிழக எல்லைப் பகுதியில் தென்னந்தோப்புக்கும் பால் சொசைட்டிக்கும் உழைத்த பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஜூனில் தொடங்கும் மழையில் சுவிட்சுக்குள் ஈரம் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் கிழக்குக் காற்று அதன்மேல் புழுதியைச் சேர்க்கும். இரண்டும் கலந்து உள்ளே சேறாகக் காய்ந்து கிடக்கும். ஆகவே பெயின்ட் டப்பாவைக் கையில் எடுக்கும் முன் உள்வேலையை முடிக்க வேண்டும். மேலே மின்னும் கறுப்பு பூசிய பிறகும் ஹாரன் அடிக்காவிட்டால் என்ன பயன்?

கழற்றுவது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு சுவிட்சை எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுங்கள். வயர்களை நடுவில் வெட்டாதீர்கள். ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் இணைப்பில் பிரித்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதி வையுங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பல கைகள் பட்ட வண்டியில் பச்சை வயர் பாதி வழியில் மஞ்சளாகியிருக்கும்.

அலுமினிய உடலில் இரும்பு ஸ்குரூ பல ஆண்டு ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சூடான சாலிடரிங் அயர்னின் முனையை ஸ்குரூவின் தலையில் ஓரிரு நிமிடம் வைத்துப் பிறகு திருகுங்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் குறுக்குவெட்டு ஸ்குரூ பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில்தர அளவு. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல் மேலேறி நழுவித் தலையை மொட்டையாக்கிவிடும். சரியான திருப்புளிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

இரு பாதிகளையும் பிரிக்கும்போது ஒரு பெரிய தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தும் சின்ன எஃகுக் குண்டும் அதன் ஸ்பிரிங்கும் எதிர்பாராமல் துள்ளிக் குதிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

உள்ளே

தகடுகளில் பச்சைக் களிம்பும் கறுப்புப் படலமும் இருக்கும். இதற்குப் புளியே போதும். கெட்டியாகக் கரைத்த புளியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் நன்றாகக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். புளியின் அமிலம் தகட்டில் தங்கினால் மறுபடியும் களிம்பு பிடிக்கும். கழுவுவதில் சோம்பல் கூடாது. குழி விழுந்த இடத்தை மட்டும் 1000 எண் வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்க்கலாம். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், அது விட்டுச்செல்லும் கீறல்களில் அழுக்கு சீக்கிரம் அடையும்.

இந்தச் சுத்தம் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 5.8 ஆம்பியர் இழுக்கிறது. சுவிட்சின் தொடுமுனையில் 0.2 ஓம் தடை இருந்தால் அங்கேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். அதே 35 வாட்டில் 12 வோல்ட் பல்பு பாதி மின்னோட்டத்தையே இழுப்பதால் இழப்பு இருபதில் ஒரு பங்குதான். பழைய யெஸ்டியின் விளக்கு மங்குகிறது என்று டைனமோவைத் திட்டுபவர்கள் முதலில் டிம்-டிப் சுவிட்சைத் திறந்து பார்க்க வேண்டும்.

வயர் தகட்டில் சேரும் இடத்தில் செம்பு கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மறுபடி ஈயம் வையுங்கள். ரோசின் கலந்த ஈயக்கம்பியைப் பயன்படுத்துங்கள். தகரவேலைக்காரர் வைத்திருக்கும் அமில ஃப்ளக்ஸ் மின்வேலைக்கு ஆகாது, செம்பை அரித்துவிடும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதே தடிமனில் ஒன்று தேடிப் போடுங்கள். வழுக்கும் பரப்புகளில் சிலிக்கோன் டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும்.

சேர்த்த பிறகு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு நிலையையும் சோதியுங்கள். அளவி பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். வயரை ஆட்டிக்கொண்டே பார்க்கும்போதும் அசையக் கூடாது. இதில் தேறிய பிறகு தகடுகளையும் வயர்களையும் தனியே எடுத்து வைத்துவிட்டு வெறும் உடலுக்கு வாருங்கள்.

உடலைத் தயார் செய்வது

பழைய பெயின்ட்டை நீக்க பெயின்ட் ரிமூவர் போதும். கையுறை கட்டாயம், இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொத்தான்களில் ரிமூவரோ தின்னரோ ஒரு சொட்டும் படக் கூடாது, உருகிவிடும். அவற்றுக்குச் சோப்பு நீர்தான். சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது அலுமினியத்தையே கரைத்துவிடும்.

பிறகு 400 எண் தாள், அடுத்து தண்ணீரோடு 600. எழுத்துகள் பொறித்த இடத்தில் தாளை அழுத்தாதீர்கள். அந்த எழுத்தின் கூர்மை போனால் திரும்ப வராது. சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்த பின் வெறும் விரல் படவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

இனி சொல்வதை மறக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் ஹாரன் பொத்தான் எர்த் பக்கத்தை, அதாவது வண்டியின் உலோக உடலோடு சேரும் பக்கத்தை, இணைக்கிறது. அந்த எர்த் சுவிட்சின் உடல் வழியாகவே ஹாண்டில்பாருக்குப் போகிறது. உள்வளைவில், குழாயைப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் படிந்தால் வழி அடைபடும். அந்த இடத்தையும் ஸ்குரூ மரைகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்.

பெயின்ட்

அலுமினியத்தின் மேல் சாதாரண பிரைமர் நாளடைவில் பொரிந்து உதிரும். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் கேட்டு வாங்கி மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். அதற்கு மேல் கறுப்பு. முழுப் பளபளப்பு வேண்டாம். பழைய சுவிட்சுகளில் பாதிப் பளபளப்புதான் கண்ணுக்குப் பொருந்துகிறது என்பது என் தீர்மானமான கருத்து. ஸ்பிரே கேனை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை, இடையில் பத்து நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் எழுத்துப் பள்ளங்கள் நிரம்பிவிடும். கடினப்படுத்தி கலக்கும் 2கே பெயின்ட்டில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மழைநாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். எங்கள் பக்கம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். கிழக்குக் காற்று மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் புழுதி உண்டு. ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டு அடிக்கலாம். ஒரு வாரம் காயவிடுங்கள்.

எழுத்துகளுக்கு வெள்ளை எனாமலைப் பல்குத்தும் குச்சியால் பள்ளத்தில் நிரப்பி, சில நிமிடம் இறுகவிட்டு, அட்டையில் இறுக்கிச் சுற்றிய துணியில் டர்பன்டைன் லேசாகத் தொட்டு மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். துணி தட்டையாக இருந்தால்தான் பள்ளத்திலிருக்கும் வெள்ளை வெளியே வராது. இங்கே தின்னர் பயன்படுத்தினால் கறுப்பும் சேர்ந்து வந்துவிடும்.

பூட்டும்போது ஸ்குரூக்களை அளவோடு இறுக்குங்கள், பழைய அலுமினிய மரை எளிதில் பிய்ந்துவிடும். ஹாண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பி வயர் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் நீர் வடியச் சின்னத் துளை இருந்தால், அதில் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.